பிள்ளை வரட்டும் என்று நின்ற குண்டு

யார் வந்து படலையில் நின்றாலும் தையல்முத்து சொல்லுவது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை வரட்டும்." புருஷனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம். ஆட்டுக்கு விலை பேச வருகிறவனோ, வேலியை அரை முழம் தள்ளிப் போட்டுவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறவனோ, கோயில் பொங்கலுக்கு அரிசி தண்ட வருகிறவரோ, யாராக இருந்தாலும் படலையைத் திறந்து, வேம்பின் கீழ் பலகை போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்து, ஒரே மகன் கதிர்காமு வேலையால் வரும்வரை அவர்களைக் காத்திருக்க வைப்பாள், அவன் வந்து "என்ன அலுவல்?" என்று கேட்டு அவன்தான் முடிவு சொல்ல வேண்டும். சங்குமுனை என்ற அந்த ஊர் முழுவதும் அப்படி அவள் முற்றத்தில் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் காத்திருந்திருக்கிறது, காத்திருந்த நேரத்திலேயே பாதிச் சண்டைகள் ஆறியும் போயிருக்கின்றன. ஆகவே, யப்பான்காரனின் விமானங்கள் வந்த அன்று, வானத்திலிருந்து ஒரு குண்டு தன் முற்றத்தை நோக்கி வருவதைக் கண்டபோதும் அவள் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

சித்திரை பிறக்கச் சில நாட்கள் இருந்தன. சங்குமுனைக்கும் துறைமுகப் பட்டினத்துக்கும் நடுவே கடல்நீர் ஏறி நிற்கும் ஒரு களப்பு. களப்புக்கு அந்தப் பக்கம், கப்பல்களுக்கான எண்ணெயை நிரப்பி வைக்கும் பென்னம்பெரிய இரும்புக் குதங்கள் வரிசையாய் நின்றன. அந்தக் குதங்களில்தான் கதிர்காமுவுக்கு வேலை. வெயில் ஏறுகிற நேரம், கடல் பக்கமிருந்து ஒரு இரைச்சல் வந்தது, பிறகு நிலம் அதிர்ந்தது, பிறகு களப்புக்கு அப்பால் கறுத்தப் புகை எழும்பி எழும்பி சூரியனையே மூடிவிட்டது. பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்த தையல்முத்து அகப்பையும் கையுமாக முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்தாள். வாலில் நெருப்போடு ஒரு விமானம், அடிபட்ட கொக்கைப்போலச் சரிந்து சரிந்து களப்பைத் தாண்டி வந்து, பாரம் தாங்காமல் வயிற்றில் இருந்ததைக் கழற்றி விட்டுவிட்டு, முனைக்கு அப்பால் கடலில் போய் விழுந்தது. கழன்றது நேரே அவளிடம் வந்தது. ஓட நேரம் இல்லை, அம்மனைக் கூப்பிடக்கூட நேரம் இல்லை.

"கொஞ்சம் பொறு ராசா," என்றாள் தையல்முத்து. "பிள்ளை இன்னும் வரேல்லை. அவன் வரட்டும், வந்த பிறகு உன்ர அலுவலைப் பார்."

குண்டு நின்றது.

தென்னையில் பாளை வெடிக்கிற உயரத்தில், மூக்குக் கீழேயும் வால் மேலேயுமாக, காற்றுக்குக்கூட அசையாமல், படலையில் நிற்கச் சொன்ன ஆளைப்போல நின்றது. தையல்முத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பயறு கருகும் மணம் வந்தது. உள்ளே போய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

பக்கத்து வளவுக்காரி சின்னாச்சிதான் முதலில் ஓடி வந்தாள். அவள் தையல்முத்துவின் புருஷனோடு கூடப்பிறந்தவள்; சங்குமுனையின் ஒரு முனையில் நின்று அவள் கோழியைக் கூப்பிட்டால் மற்ற முனையிலிருந்த கோழியும் வரும், அப்படி ஒரு குரல்.

"மச்சாள், உது என்ன?"

"குண்டு."

"குண்டெண்டு தெரியுது. ஏன் விழேல்லை?"

"பொறுக்கச் சொன்னனான்."

"என்னெண்டு சொன்னனி?"

"எல்லாருக்கும் சொல்லுறதுதான். பிள்ளை வரட்டும் எண்டு."

சின்னாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மண்ணிலேயே இருந்துவிட்டாள். "எடி விசரி! பொறு எண்டதோடை வாயை மூடியிருக்கலாமே. ஊழி முடியுமட்டும் பொறு எண்டிருக்கலாமே. ஆரும் பெத்த பிள்ளையைத் தவணையா வைப்பினமே? பிள்ளை இப்ப வரப்போறானே!"

அப்போதுதான் தையல்முத்துவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது விளங்கியது. அகப்பை கையிலிருந்து விழுந்தது. சின்னாச்சி எழும்பி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நாலு வேலி தாண்டித் தோணித்துறைக்கு ஓடினாள். அங்கே எரிகிற குதங்களுக்கு நடுவிலிருந்து தப்பி, தலைமுதல் கால்வரை கரி அப்பி, கண் வெள்ளை மட்டும் தெரிய, ஆருடையதோ தோணியைக் கம்பால் ஊன்றித் தானே தாங்கிக்கொண்டு கதிர்காமு வந்துகொண்டிருந்தான். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்ற ஒரு கேள்வியைத் தவிர அவன் முகத்தில் வேறொன்றும் இல்லை.

"கரையிலை காலை வைச்சாய் எண்டால் முறிப்பன்!" என்று சின்னாச்சி தாங்குகம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "அங்காலை போ. அம்மா இருக்கிறா. நீ வந்தால்தான் இருக்கமாட்டா."

விஷயம் கேட்டவன் தோணியில் நின்றபடியே "அம்மா!" என்று ஒரு குரல் வைத்தான். அந்தக் குரல் நாலு வேலியையும் தாண்டி வந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறான். தையல்முத்து முற்றத்தில் நின்று அம்மனைக் கும்பிட்டாள், கண்ணீர் நிற்கவில்லை, பிறகு, அவன் பிறந்த நாள்முதல் வா ராசா, வா ராசா என்று மட்டுமே அவனைக் கூப்பிட்டுப் பழகிய வாயால், "வராதை ராசா, வராதை!" என்று கத்தினாள்.

அன்று பின்னேரமே விதானையார் வந்தார். அரசாங்கத்துக்கு ஊரைப் பற்றியும் ஊருக்கு அரசாங்கத்தைப் பற்றியும் சொல்லுகிற மனிதர் அவர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குண்டை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தார், நாலாவது பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. ஊர் கூடி, மெதுவாகப் பேசி, ஒரு முடிவுக்கு வந்தது. கதிர்காமு களப்பைத் தாண்டக் கூடாது. அது ஒன்று. மற்றது, காத்திருக்கச் சொன்னவள் வீட்டை விட்டுப் போனால் காத்திருக்கிறவருக்கு என்ன மரியாதை, கோபித்துக்கொள்ள மாட்டாரா? ஆகையால் தையல்முத்து படலையைத் தாண்டக் கூடாது.

"இன்னுமொண்டு," என்றார் விதானையார் தயங்கியபடி. "சொன்ன சொல்லு உன்ர சொல்லு. உனக்கொண்டு நடந்தால் சொல்லும் போயிடும். அதாலை பிள்ளை, நீ நல்லா இருக்க வேணும். கனகாலம் இருக்க வேணும்."

சங்குமுனையில் ஒருவர் இன்னொருவரை இவ்வளவு மனதார வாழ்த்தியது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் விடியமுன்னமே ஒருத்தி முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள், இன்னொருத்தி கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தாள், தையல்முத்து ஒரு தும்மல் தும்மினால் ஊர் முழுவதும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

முதல் சில நாட்கள் அந்த முற்றத்தின் பக்கம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு ஒரு காகம் வந்து குண்டின் வாலில் குந்தி, அலகைத் தீட்டி, எச்சமிட்டுவிட்டுப் போனது. முன்னோரே இருந்து பார்த்துவிட்டார்கள், இனி நமக்கென்ன என்று சனங்களுக்கு நெஞ்சு இளகியது. அந்த ஊர் அம்மன், ஒரு நகரத்தையே எரித்துவிட்டு ஆற்றாமையோடு நடந்து வந்து அந்தக் கரையில் ஆறினவள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வருஷா வருஷம் வைகாசியில் அவளுடைய சூடு தணிய வேப்பிலையும் தண்ணீரும் கொண்டு குளிர்த்தி செய்கிறவர்கள் அவர்கள். ஊரை எரித்தவளையே குளிர வைத்த கைகளுக்கு இந்த இரும்பு எம்மாத்திரம்? அந்த வைகாசியில் அம்மனுக்குக் குளிர்த்தி முடிந்ததும் மிச்சத் தண்ணீரையும் வேப்பிலையையும் கொண்டுவந்து தையல்முத்துவின் முற்றத்தில் குண்டின் நிழல் விழும் இடத்தில் தெளித்தார்கள். நிழல் ஈரமானதும் இரும்பு ஒருதரம் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது என்று கிட்ட நின்றவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அதற்குப் பொறுத்தவர் என்று பெயர்.

பொறுத்தவருக்குச் சத்தம் பிடிக்காது என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றினார்கள். கலியாண மேளத்தைக் கம்பால் அடிக்காமல் விரலால் தட்டினார்கள். கள்ளு வெறியில் வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன், அண்ணாந்து குண்டைப் பார்த்துவிட்டு, அடிக்க ஓங்கிய கையை இறக்கினான், சில நாளில் ஓங்குவதையும் விட்டான். சின்னாச்சிக்குத்தான் பெரிய கஷ்டம். கோழிகளை அவள் கையசைத்துக் கூப்பிடப் பழக வேண்டியிருந்தது. "ஒரு நாளைக்கு உந்த ஆள் இறங்கிப் போகட்டும், நான் கத்துற கத்திலை மீனெல்லாம் கரைக்கு வரும்," என்று மச்சாளின் காதில் மட்டும் சொல்லிவைப்பாள். பட்டினத்திலிருந்து குண்டுக்குப் பயந்து ஓடின சனங்கள் மூட்டை முடிச்சோடு சங்குமுனைக்குத்தான் வந்தார்கள். குண்டு வந்து நிற்கிற இடத்துக்கு இன்னொரு குண்டு எதற்கு வருகிறது என்பது அவர்கள் நியாயம். வந்தவர்கள் தையல்முத்துவின் வேலிக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு, பொறுத்தவருக்குக் கீழே பிள்ளைகளைத் தாலாட்டி, பயமில்லாமல் நித்திரை கொண்டார்கள். போனவர் வருவார் என்று காத்திருக்கிறவர்கள் வந்து படலையில் நூல் கட்டினார்கள்.

தையல்முத்துவும் அவர்களில் ஒருத்திதான், ஆனால் அவளுக்கு மட்டும் வேண்டுதல் தலைகீழ். மகன் வரக் கூடாது, வராமலே நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட வேண்டியிருந்தது. மத்தியானம் சோறு கறி சமைத்துச் சின்னாச்சியிடம் கொடுத்துவிடுவாள். அவள் தோணியில் கொண்டுபோய் அவனைத் தின்னவைத்துவிட்டு, கழுவாத சட்டியோடு திரும்பி வருவாள். கழுவாத சட்டியைக் கையில் வாங்கி, அவன் விரல் வழித்த தடத்தை ஒருமுறை பார்த்த பிறகுதான் தையல்முத்து தன் சோற்றில் கை வைப்பாள்.

ஒருநாள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஏணியோடும் ஆட்களோடும் வந்தார். ஏணியை எவ்வளவு நீட்டினாலும் குண்டுக்கும் ஏணிக்கும் ஒரு முழம் மிச்சம் இருந்தது. துரை ஏணியை மடிக்கச் சொல்லிவிட்டு, வேம்பின் கீழ் பலகையில் இருந்து, தையல்முத்து கொடுத்த தண்ணீரைக் குடித்தார். நடுவில் நின்று அவர் சொன்னதை இவளுக்கும் இவள் சொன்னதை அவருக்கும் விதானையார் எடுத்துச் சொன்னார்.

"ஏன் ஐயா, நாங்கள் அவங்களுக்கு என்ன செய்தனாங்கள், எங்களிலை கொண்டுவந்து போட?" என்று கேட்டாள் தையல்முத்து.

"உங்களிலை போட வரேல்லையாம்," என்றார் விதானையார். "எண்ணெய்க்குத்தான் வந்தவங்களாம். எண்ணெய் எரிஞ்சால் கப்பல் ஓடாது, கப்பல் ஓடாட்டில் பட்டாளம் போகாது, பட்டாளம் போகாட்டில் சண்டை கெதியா முடியுமாம். தாங்களும் அங்கை அதைத்தான் செய்யினமாம்."

"அப்ப எண்ணெய் இருக்கிற இடத்திலை போடுறதுதானே."

துரை இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டி நெடுநேரம் பேசினார். விதானையார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அவ்வளவு உயரத்திலை இருந்து பார்த்தால் அந்தப் பெரிய குதம் மிளகளவாம். கீழையிருந்து சுடுவாங்களாம். விமானம் பேய் பிடிச்ச மாடு மாதிரித் துள்ளுமாம். போற பெடியங்களிலை பாதிப் பேர் திரும்பி வாறதில்லையாம். பயத்திலை கை நடுங்கினால் ஒரு மைல் தள்ளித்தான் விழுமாம். அந்த ஒரு மைலிலை ஆர் இருக்கினமோ… அது அவை செய்த வினை எண்டு துரை சொல்லேல்லை, நான் சொல்லுறன்."

தையல்முத்து அண்ணாந்து பார்த்தாள். இதைக் கழற்றிவிட்ட கை எப்படி நடுங்கியிருக்கும் என்று நினைத்தாள். முனைக்கு அப்பால் விழுந்தவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். பிள்ளை வரட்டும் என்று அவளும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பாள். அன்று மாலை அம்மன் படத்துக்கு முன்னால் கதிர்காமுவுக்கு ஒரு விளக்கும், பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்கு ஒரு விளக்கும் ஏற்றினாள். பிறகு எல்லா நாளும் இரண்டு விளக்கு.

குதங்கள் எரிந்துபோனதால் கதிர்காமுவுக்கு வேறு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. களப்புக்கு அப்பால் காட்டை வெட்டி விமானத் தளம் போட்டார்கள், விமானங்கள் வந்து இறங்கின. கடலைத் தாண்டி மற்றக் கரைக்குப் போய், அங்கே யப்பான்காரன் பிடித்து வைத்திருந்த எண்ணெய்க் குதங்களை எரித்துவிட்டு வருகிற பென்னம்பெரிய விமானங்கள் அவை. அவற்றின் வயிற்றில் குண்டு ஏற்றுகிற வேலைக்கு அவன் சேர்ந்துவிட்டான் என்ற செய்தியைச் சின்னாச்சி சட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்தாள்.

அன்று தையல்முத்து சாப்பிடவில்லை. "அந்த வேலையை விடச் சொல்லு மச்சாள்."

சின்னாச்சி போய்ச் சொல்லி, மறுமொழியோடு வந்தாள். "தான் தூக்காட்டில் இன்னொருத்தன் தூக்குவானாம். சண்டை முடிஞ்சால்தான் அம்மாவின்ர முகத்தைப் பார்க்கலாம், அது கெதியா முடியட்டும் எண்டுதான் தூக்கிறானாம். கண் கலங்கிச் சொன்னவன்."

தையல்முத்து அந்த இரவு முழுவதும் அம்மனோடு பேசினாள். விடிந்ததும் சொன்னாள்: "சரி, தூக்கட்டும். ஆனால் ஏத்துற ஒவ்வொண்டிலையும் கையை வைச்சு, எண்ணெயிலை விழுறதெண்டால் விழு, வீட்டிலை விழுறதெண்டால் பொறு எண்டு சொல்லி ஏத்தச் சொல்லு. அம்மா சொன்னதெண்டு சொல்லச் சொல்லு."

கதிர்காமு அப்படியே செய்தான். உழவு மாட்டின் முதுகில் தட்டுவதுபோல ஒவ்வொரு குண்டிலும் தட்டி, அதன் காதிருக்க வேண்டிய இடத்தில் குனிந்து அம்மா சொன்னதைச் சொன்னான். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். பிறகு, அவர்களிலும் தாயைப் பிரிந்து வந்தவர்கள் இருந்தார்களல்லவா, அவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். விமானங்கள் பின்னேரத்தில் எழும்பிக் களப்புக்கு மேலால் போகும். தையல்முத்து படலைக்குள் நின்று ஒவ்வொன்றையும் கும்பிடுவாள். அடுத்த நாள் அவை திரும்பும்போது அவளுக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை. குறைந்து வந்தால் இரைச்சலிலேயே தெரியும், நெஞ்சு சொல்லும், விளக்கு இன்னுமொன்று ஏறும். திரும்பி வந்த ஒரு பெடியன் தன் மேலதிகாரியிடம், குதங்கள் எரிந்தன, ஆனால் தவறிப்போன சில குண்டுகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே விழாமல் நின்றதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னானாம். அவனுக்கு மருந்தும் லீவும் கொடுத்தார்கள். அடுத்த நாள் இன்னொருவனும் சொன்னான். அவனுக்கும் லீவு கொடுத்தார்கள்.

"நிக்கிதாமடி!" என்று சின்னாச்சி குசுகுசுத்தபோது தையல்முத்துவின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு வாடியது. "எதுவரைக்கும் எண்டு அவன் சொல்லேல்லையே மச்சாள்."

"உன்னை மாதிரிப் பிள்ளையைத் தவணை வைக்காமல் விட்டானே, அந்தமட்டில் கெட்டிக்காரன்," என்றாள் சின்னாச்சி.

ஒருநாள் சண்டை முடிந்தது. பட்டினத்தில் கப்பல்கள் ஊதின, வாணம் விட்டார்கள்; சங்குமுனையில் மட்டும் மணியின் நாக்கில் சுற்றிய துணியை யாரும் அவிழ்க்கவில்லை. சண்டை முடிந்த செய்தி பொறுத்தவருக்குத் தெரியாது. யார் போய்ச் சொல்லுவது? கதிர்காமு அக்கரையில் நின்று, முடிந்ததே, வரட்டா, வரட்டா என்று நாளும் கேட்டனுப்பினான். ஊர் நாளும் பொறு என்று சொல்லியனுப்பியது. மழைக்காலம் தொடங்கியது. அத்தனை வருஷம் ஒரு முற்றத்துக்குள்ளேயே நடந்து நடந்து மெலிந்திருந்த தையல்முத்துவுக்குக் காய்ச்சல் பிடித்தது. கஷாயம் கேட்கவில்லை, பத்துப் போட்டும் கேட்கவில்லை. பாயில் கிடந்தவள் மகனின் பெயரைச் சொன்னாள், சொல்லிவிட்டு உடனே "வராதை" என்றாள், திரும்பத் திரும்ப இரண்டையும் சொன்னாள். வெளியே, மச்சாளின் மூச்சு இழுபடும்போதெல்லாம் குண்டு ஒரு விரற்கடை கீழே இறங்குவதைச் சின்னாச்சி கண்டாள்.

அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. தோணியை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனாள். "வா," என்றாள். "நீ வந்தாலும் விழும், வராட்டிலும் விழும். வராமல் விழுந்தால் உன்ர கொம்மாவைப் பார்க்காமல் விழும்."

மகன் தோணியில் வருவதைக் கண்டதும் விதானையார் சனத்தைக் கூட்டிக்கொண்டு கோயில் மதிலுக்குப் பின்னால் போனார். ஆடு, மாடு, கைப்பிள்ளை எல்லாம் போயின. சின்னாச்சி மட்டும் போகவில்லை. வேலிக்குப் பின்னால் குந்தி, காதுக்குள் விரலை விட்டுக்கொண்டாள். கதிர்காமு நாலு வேலியையும் தாண்டி வந்து, நூல்கள் தொங்கிய படலையைத் திறந்து, முற்றத்தில் கால் வைத்தான்.

பொறுத்தவர் நித்திரையால் எழும்புகிறவர்போல ஒருமுறை அசைந்தார். வாலிலிருந்த காகக்கூட்டின் சுள்ளிகள் உதிர்ந்தன, துருத் தூள் கொட்டியது. பிறகு, மரமேறுகிறவன் இறங்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, நிதானமாக இறங்கி வந்து, ஒரு ஆள் உயரத்தில் நின்று, மூக்கைத் திருப்பிக் கதிர்காமுவின் நெஞ்சுக்கு நேரே வைத்தார்.

"அம்மா," என்றான் கதிர்காமு, குண்டைப் பார்த்தபடியே.

தையல்முத்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓடிப்போய் மகனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. ஆனால் வந்தவரை முதலில் பார்ப்பதுதான் முறை. செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அந்தச் சூடேறிய மூக்கின்மேல் ஊற்றினாள். "பிள்ளை வந்திட்டான்," என்றாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. "கனகாலம் காக்க வைச்சிட்டன் ராசா, மனசிலை வைக்காதை. நீ பொறுத்தது பெரிய புண்ணியம். சொல்லவேண்டியதை இனிப் பிள்ளையிட்டைச் சொல்லு."

கதிர்காமு அந்த முற்றத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகினவன்தானே. "என்ன அலுவல்?" என்றான்.

குண்டின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எனக்குத் தெரியும், குதத்துக்கு வந்தனி," என்றான். ஆயிரம் குண்டுகளைத் தட்டிக் கொடுத்த கையை இதன்மேலும் வைத்தான். "அந்தக் குதம் அண்டைக்கே எரிஞ்சு முடிஞ்சுது. உன்னைக் கொண்டுவந்த பெடியன் கடலிலை கிடக்கிறான். அனுப்பினவன் சண்டையை விட்டிட்டான். எங்கட ஆக்களும் விட்டிட்டினம். உனக்கு இஞ்சை ஒரு அலுவலும் இல்லை அண்ணை. போயிட்டு வா."

குண்டு திரும்பத் தொடங்கியது. 'வா' என்றதும் நின்று, ஒரு சாண் திரும்பி வந்தது.

"எட, 'வா' எண்டு சொல்லாதை!" என்று தாய் பதறினாள்.

"வாயைக் கழுவடா!" என்றது வேலி.

போகிறவரைப் பார்த்துப் போ என்று தையல்முத்து தன் ஆயுளில் ஒருதரமும் சொன்னதில்லை. பிச்சைக்கு வந்தவனுக்கும், கோபித்துக்கொண்டு போனவர்களுக்கும், கடலுக்குப் போய்த் திரும்பி வராத புருஷனுக்கும் போயிட்டு வாங்கோ என்றுதான் சொன்னவள். அவள் கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டாள்.

"போ ராசா," என்றாள். "போ."

அது போனது. வேலிக்கு மேலால், ஒழுங்கை நெடுக, ஆடுகள் விட்டுப்போன புழுதிக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் மிதந்து, கோயில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த தலைகளையெல்லாம் தாண்டி, கரையில் கிடந்த வள்ளங்களைத் தாண்டி, முனையையும் தாண்டி, அந்த விமானம் விழுந்த இடத்துக்குப் போய், அங்கே நின்று, மெல்ல இறங்கியது. கடல் ஒருமுறை விம்மியது. ஒரு வெள்ளை மரம் எழும்பி வானத்தைத் தொட்டு உடைந்து ஊரெல்லாம் மழையாய்ப் பெய்தது. பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. அத்தனை வருஷத்தில் சங்குமுனையில் எழும்பிய முதல் பெரிய சத்தம். அது ஓய்ந்ததும் நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் அழுதன, யாரோ ஓடிப்போய்த் துணியைக் கிழித்து எறிந்துவிட்டு மணியை அடித்தார்கள், வேலிக்குப் பின்னாலிருந்து சின்னாச்சி, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாக்கி ஒரு கத்துக் கத்தினாள். கோழிகள் நாலு பக்கத்தாலும் ஓடி வந்தன.

தையல்முத்து மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கரி போய்விட்டது, கன்னம் ஒட்டியிருந்தது. வேர்த்து வேர்த்துக் காய்ச்சல் விட்டது. அவளே அடுப்பு மூட்டி, அவளே சோறு போட்டு, முன்னால் இருந்து அவன் வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நீ பொறுக்கச் சொல்லி அனுப்பினதுகள்?"

கதிர்காமுவின் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. "இன்னும் நிக்கிதுகளாக்கும், அம்மா."

"அங்கையும் ஒருத்தி படலைக்குள்ளை நிண்டுகொண்டிருப்பாள்."

"அங்கத்தைய பாஷை எனக்குத் தெரியாதேயணை."

"நீ என்ன பாஷையிலை பொறுக்கச் சொன்னனி?"

"நீ தின்," என்று சொல்லிவிட்டு அவள் எழும்பினாள். படலையைத் திறந்தாள், தாண்டினாள். வெளி மண் காலுக்குப் புதிதாய் இருந்தது, நடை தளம்பியது, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். எங்கே போகிறாள் என்று கேட்டு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். முனையின் விளிம்பில், அலை நக்குகிற கல்லில் ஏறி நின்று, மகன் அனுப்பிய விமானங்கள் போன திசையைப் பார்த்து, "போங்கோ ராசாமார், போங்கோ!" என்றாள். குசுகுசுத்துப் பழகிய குரல் காலடி அலையைக்கூடத் தாண்டவில்லை.

"தள்ளு மச்சாள்," என்றாள் சின்னாச்சி. "உது என்ர வேலை."

அவள் கத்தினாள். தையல்முத்துவும் கத்தினாள். பட்டினத்திலிருந்து வந்து கொட்டில் போட்டிருந்தவர்களும், படலையில் நூல் கட்டினவர்களும், ஓங்கிய கைக்குத் தப்பினவளும், எல்லாருமாகக் கடலைப் பார்த்து நின்று, அடிவயிற்றிலிருந்து, போங்கோ, போங்கோ, போங்கோ என்று தொண்டை கட்டுமட்டும் கத்தினார்கள். கத்தி முடித்துவிட்டுக் காது கொடுத்தார்கள். வெகுநேரம் அலை மட்டும்தான். பிறகு, வானமும் கடலும் ஒட்டுகிற அந்த நீளக் கோட்டுக்கு அப்பாலிருந்து, தண்ணீருக்குள் தண்ணீராய், ஒரு மெல்லிய தொம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, பிறகு இன்னொன்று.

"மழைக்கு இடி முழங்குதோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை," என்றாள் தையல்முத்து. "போகினம்."